செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவுகள்

பள்ளிக்கூடம் மூடுகிறார்கள் என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே கேள்விதான். "இந்தத் தடவை எங்கே போகலாம்?" ஊட்டி என்றால் கூட்டம். கொடைக்கானல் என்றால் குளிர், மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாது. உறவுக்காரர் வீடு என்றால் அங்கே போயும் நமக்கு அடுப்படிதான். ஆகவே இந்த அரைப்பரீட்சை லீவுக்குக் காரைக்குடிப் பக்கம் போய், ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். அந்த விவரத்தைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். ஊர் பார்த்த கதை இதில் பாதிதான். உங்களுக்கோ உங்கள் புகுந்த வீட்டாருக்கோ எங்கேயாவது ஒரு கிராமத்தில் வீடு பூட்டிக் கிடந்தால், மற்றப் பாதி உங்களுக்கு.

செட்டிநாட்டு வீடு என்றதும் சினிமாவில் வரும் பண்ணையார் வீடுதான் நமக்கு ஞாபகம் வரும். பாதிப் படங்களை அங்கேதான் எடுக்கிறார்கள்! காரைக்குடியைச் சுற்றிச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இந்த வீடுகள் இருக்கின்றன. கட்டியவர்கள் நகரத்தார். பர்மா, மலேயா, இலங்கை என்று கப்பலேறிப் போய் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தவர்கள். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்பங்கு நிலம் இவர்கள் கைக்கு வந்திருந்தது என்றால் பாருங்களேன். அந்தப் பணமெல்லாம் பர்மாத் தேக்காகவும், இத்தாலியச் சலவைக்கல்லாகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் இந்த வறண்ட சீமைக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். உயிர் பிழைத்தால் போதும் என்று கால்நடையாக வந்தவர்கள் ஏராளம். பிறகு பர்மா சுதந்திரம் பெற்று, நிலங்களும் அரசாங்கத்துக்குப் போயின. வரும்படி நின்றது. வீடு மட்டும் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். கல்யாணம், சாந்தி என்றால் வீட்டைத் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டுவார்கள்.

அப்படிப் பூட்டிக் கிடந்த வீடுகளில் சிலவற்றைத்தான் இப்போது விருந்தினர் தங்க விட்டிருக்கிறார்கள். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு என்பது நமக்குப் பெருமை. காரைக்குடியில் ஒரு குடும்பத்தார் தங்கள் பொழுதுபோக்கு மன்றமாகக் கட்டிய பங்களாவை, மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி 1999இல் தங்குமிடமாக்கினார். பெயரே 'தி பங்களா'தான். அப்போது, "காரைக்குடிக்கு யார் வந்து தங்கப் போகிறார்கள்?" என்று கேட்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். பிறகு கானாடுகாத்தானில் 'விசாலம்', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்', கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' என்று ஒவ்வொன்றாகத் திறந்தன. 'விசாலம்' என்பது ஒரு தகப்பனார் தம் மகள் விசாலாட்சிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. பெண்ணுக்கு நகை போடுவார்கள், பாத்திரம் வைப்பார்கள். வீடு கட்டிக் கொடுத்து அவள் பெயரையும் வைப்பது லேசான காரியமா? 'சாரதா விலாஸ்' 1910இல் கட்டியது. அதைச் செப்பனிட்டு நிமிர்த்தியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களை 2014இல் சேர்த்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் நம் மாதிரி மாதச் சம்பளக் குடும்பம் யோசித்துத்தான் போக வேண்டிய இடங்கள். நாங்கள் தங்கியது பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு வீடு. பக்கத்து ஃபிளாட் மாமியின் தம்பிக்குத் தெரிந்தவர்கள் என்று ஏற்பாடானது. நாலே நாலு அறையைத்தான் விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, சமையலுக்கு ஓர் அம்மாள், பெருக்கித் துடைக்க இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

எழும்பூரில் மத்தியானம் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். இரவு காரைக்குடி. அங்கிருந்து கார். வீட்டு வாசலில் இறங்கினபோது தெருவில் ஒரு விளக்குதான் எரிந்தது. இரண்டு பக்கமும் கோட்டை மாதிரிச் சுவர், எல்லாம் இருட்டு. என் சின்னவன் என் கையை விடவே இல்லை. "வாங்க, வாங்க. பலகாரம் சாப்பிடுறியளா, பால் மட்டும் போதுமா?" என்று ஆச்சி வாசலுக்கே வந்து கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

காலையில் எழுந்து பார்த்தால், அடேயப்பா! வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. வாசலில் நின்று பார்த்தால் நிலைக்குப் பின் நிலையாகக் கொல்லைக்கதவு வரை நேர்க்கோடாகத் தெரிகிறது. என் வீட்டுக்காரர் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார். பெண் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தனையையும் தினம் யாரு பெருக்கினா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு நாளும் நான் பார்த்ததெல்லாம் அந்தக் கேள்வி வழியாகத்தான்.

முகப்பும் திண்ணையும் ஆண்களுக்கு. கணக்குப்பிள்ளை, கடைக்காரர், வந்தவர் போனவர் எல்லாம் அதோடு சரி. அதைத் தாண்டினால் 'வளவு' என்கிற முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை. அறை என்றால் படுக்கை அறை என்று நினைக்காதீர்கள். பெண்டாட்டி கொண்டுவந்த சாமான் வைக்கத்தான் பாதி இடம். பித்தளை, வெண்கலம், மங்குச் சாமான், மரவை என்று டஜன் கணக்கில் வரும். அதற்கப்புறம் இரண்டாம் கட்டு, பந்தி போடுகிற நீளக் கூடம், கடைசியில் அடுப்படியும் கிணறும். பெண்களின் ராஜ்யம் அங்கே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'வேறு வைத்தல்' என்று பெயர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் புதுத் தம்பதியைத் தனி அடுப்பு வைக்கச் சொல்லிவிடுவார்களாம். வீடு ஒன்றுதான், கூரை ஒன்றுதான். ஆனால் அரிசி, பருப்பு, வரவு செலவு எல்லாம் அவரவருக்குத் தனி. ஆரம்பத்துக்கு வேண்டிய மளிகையும் பாத்திரமும் பெரியவர்கள் கொடுப்பார்கள். பிறகு அந்தப் பெண் கணக்கு எழுதி, சிக்கனமாகக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். கூட்டுக் குடும்பம் என்றால் பெரிய அண்டாவில் எல்லாருக்கும் ஒரே சமையல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரே வளவில் ஐந்தாறு அடுப்பு எரிந்திருக்கிறது! மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே சமையலறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டிருக்கிறார்கள். இதை நான் என் மாமியாரிடம் சொன்னேன். அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

சுவரைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வர முடியாது. வழவழவென்று பீங்கான் மாதிரி இருக்கிறது. சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பல பூச்சு பூசி, ஒவ்வொன்றையும் முந்தினதைவிட நைசாக இழைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கூட உள்ளே போயிருக்கிறது. பெயிண்ட் செலவே கிடையாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டதா, தொலைந்தது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கிறார்கள். அவசரத்துக்கு சிமெண்டைப் பூசினால் சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளே ஈரம் தங்கி, பக்கத்துப் பூச்சையும் கெடுத்துவிடும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். ஆத்தங்குடியில் போய் நேரிலேயே பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியிலிருந்து எடுக்கும்போதே பளபளப்பு! நம் ஊரில் புது வீடு கட்டுபவர்களும் இப்போது ஆசையாகப் போடுகிறார்கள். போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிட் கிட்டவே போகக் கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது வாளித் தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் போதும். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும் என்று ஆச்சி சொன்னார். யாரும் நடக்காத அறைகளில் தரை மங்கிக் கிடந்ததை நானே பார்த்தேன்.

தண்ணீருக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். மழை குறைந்த சீமை அல்லவா? நாலு பக்கக் கூரையும் வளவை நோக்கிச் சரிகிறது. மழைத் தண்ணீர் தகரத் தூம்பு வழியாகக் கிடாரத்தில் விழும். மிச்சம் வாய்க்கால் வழியே ஊரணிக்கு. நம் சென்னையில் மழைநீர் சேமிப்பு என்று சட்டம் போட்டு, 2003இல் வீடு வீடாகக் குழி தோண்டினோமே, அதை இவர்கள் கட்டும்போதே செய்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். ஒரு மத்தியானம் மட்டும் 'பங்களா'வில் இலைச் சாப்பாடு. முன்னாடியே சொல்லிவைத்துவிட்டுப் போக வேண்டும். மீனாட்சி ஆச்சி 'தி பங்களா டேபிள்' என்று ஒரு சமையல் புத்தகமே 2014இல் சுமீத் நாயருடன் சேர்ந்து கொண்டுவந்திருக்கிறார். மற்ற வேளையெல்லாம் நாங்கள் தங்கின வீட்டில்தான். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், சாயங்காலம் மசாலாச் சீயம், ஒரு நாள் இனிப்புக்குக் கவுனி அரிசி. அந்தக் கறுப்பு அரிசியும் பர்மாவோடு உறவு கொண்டாடுகிறது. செட்டிநாடு என்றால் கோழியும் மிளகும்தான் என்று ஓட்டல்காரர்கள் நம்ப வைத்துவிட்டார்கள். சைவச் சமையலிலும் அவர்களுக்கு ஈடு இல்லை.

வெண்டைக்காய் மண்டியைச் சமையல் அம்மாளிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளியை அதிலேயே ஊறவைத்துக் கரையுங்கள். இந்தக் களைந்த தண்ணீர்தான் 'மண்டி'. குழம்புக்குக் கெட்டித்தன்மை இதனால்தான் வருகிறது. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கொஞ்சம் வெந்தயம், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கீறின பச்சைமிளகாய் நாலைந்து. வெங்காயம் வதங்கினதும் வெண்டைக்காயைப் போட்டு வழவழப்புப் போகும்வரை வதக்கி, புளித்தண்ணீர், உப்பு சேர்த்து எண்ணெய் மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். மறுநாள் இன்னும் நன்றாயிருக்கும். என் மாமியாருக்காக வெங்காயம், பூண்டு இல்லாமல் பெருங்காயம் போட்டும் செய்து பார்த்தேன். தப்பில்லை; ஆனால் அது மண்டி இல்லை, வேறு ஏதோ.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆச்சியோடு பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பதினாலு பங்கு. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஓர் ஊரில் சாவி. பொதுச் செலவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் எழுதுவாராம். பாதிப் பேர் அனுப்புவார்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். குரங்கு குதித்தால் ஓடு நகரும். நகர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் பட்ட தேக்கில் கரையான் ஏறும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசஞ்செடி முளைத்தால் அதை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும், மணிக்கட்டு அளவு வந்துவிட்டால் சுவரே போச்சு.

"விலைக்குக் கேட்டாக. வீட்டை இல்லை, தூணை மட்டும்" என்றார் ஆச்சி. தூண், நிலைக்கதவு, கண்ணாடி, ஊஞ்சல் என்று தனித்தனியாக விலை பேசி, பிரித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். பக்கத்து வீடு அப்படித்தான் போயிற்று. நாங்கள் இரவு வந்தபோது இருட்டாகத் தெரிந்த சுவருக்குப் பின்னால் வீடே இல்லை; வெறும் கருவேலங்காடு. அடுத்த நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். அந்தத் தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். ஒரு கடை வாசலில் பித்தளைப் பூண் போட்ட தேக்குத்தூண்கள் விறகுக் கட்டை மாதிரிச் சாத்தி வைத்திருந்தது. கல்யாணச் சாமான்கள், தாத்தா பாட்டி போட்டோக்கள், குழந்தை நடைவண்டி. யாருடைய தாத்தாவோ! மங்குத் தட்டு ஒன்றை என் பெண் ஆசையாகக் கையில் எடுத்தாள். பின்பக்கம் இனிஷியல் வெட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டாள்.

சென்னையில் பணக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசங்களில், "இது காரைக்குடிக் கதவு" என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். நானும் அதைத் தடவிப் பார்த்து ஆஹா என்று சொன்னவள்தான். ஆனால் அந்தக் கதவு யார் வீட்டு வாசலில் நின்றதோ! விற்றவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பதினாலு பேருக்குச் சொந்தமான வீட்டை ஒருத்தர் எத்தனை நாள் சுமப்பார்?

ஆச்சி சுமக்கிறார். அவருடைய பங்குக்கான இரண்டு அறையும், நம்பிச் சாவி கொடுத்த நாத்தனார் ஒருவரின் இரண்டு அறையும்தான் விருந்தினருக்கு. வருகிற வாடகையில் லாபம் உண்டா என்று கேட்டேன். "லாபம் எங்கிட்டு? ஓடு மாத்துறோம், ரெண்டு பொண்ணுகளுக்குச் சம்பளம் குடுக்குறோம். ஆனா தினம் அடுப்பு எரியுதுல்ல" என்றார். உங்களுக்கு ஓய்வு வேண்டாமா என்றேன். சிரித்தார், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சிரிப்பு முழுக்கச் சந்தோஷமாகவும் படவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்கிறார். விருந்தினர் படுத்தபிறகு வாசற்கதவைச் சாத்துகிறார். பாரம்பரியம், பாரம்பரியம் என்று பத்திரிகைகளில் பெரிதாக எழுதுகிறார்கள். அது எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை குனிந்து நிமிர்தல் என்று யாரும் எழுதுவதில்லை.

இனி அந்த மற்றப் பாதி. என் மாமனார் வீடு கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு மாளிகை இல்லை. ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு என்று சாதாரண ஓட்டு வீடு. மாமனார் போனபின் பூட்டி எட்டு வருஷம். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். யாராவது விலைக்குக் கேட்டால் ஒருத்தர் சரி என்பார், ஒருத்தர் யோசிக்கலாம் என்பார். நாத்தனார்கள் இரண்டு பேரையும் யாரும் கேட்டதே இல்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் சட்டம். தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தத்தில், அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005இல் மத்திய அரசின் சட்டத்திருத்தம் கல்யாணமான பெண்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண்கள் பாகம் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் பெண்ணும் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம். 2005இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே முறையாகப் பதிவு செய்து பாகம் பிரித்தாகிவிட்டது என்றால் சமாசாரம் வேறு. அவரவர் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. எப்படியும் வீட்டை விற்பதானாலும், விருந்தினருக்கு விடுவதானாலும், பங்குள்ள எல்லாருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தையில் ஆரம்பித்தால் முதல் லாபம் வந்த அன்றே சண்டையும் வரும்.

விருந்தினருக்கு அறை விடுவதற்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து ஆறு அறை வரை. வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரமாகப் பிரித்து அங்கீகாரம் கொடுக்கிறார்கள். குடியிருக்க வேண்டும் என்கிற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. காசு போட்டுக் கழிப்பறை கட்டிவிடலாம், வெந்நீருக்குக் கருவி வாங்கிவிடலாம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வந்தவர்களுக்குக் காபி கலக்க அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? சென்னையிலிருந்துகொண்டு டெலிபோனில் ஒரு வீட்டை நடத்த முடியாது. அந்த 'யார்' என்பது எந்தக் குடும்பத்திலும் ஒரு பெண்ணாகத்தான் முடிகிறது. ஆகவே அவளுக்கு இதில் என்ன பங்கு, மாதம் என்ன சம்பளம் என்று முதல் நாளே எழுதிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சமையல்காரருக்குச் சம்பளம், தோட்டக்காரருக்குச் சம்பளம், வீட்டு மருமகளுக்கு மட்டும் 'நல்ல பெயர்' என்றால் இரண்டு வருஷத்தில் மறுபடி பூட்டு விழும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மார்கழி, தை மாதங்கள்தான் சௌகரியம். சித்திரை, வைகாசியில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். நிலைப்படிகள் உயரம், மாடிப்படிகள் செங்குத்து. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். அறைக்குள்ளேயே குளியலறை உண்டா என்றும் கேளுங்கள். பால் குடிக்கும் குழந்தை இருந்தால் கொசுவலை கையோடு கொண்டுபோங்கள். பிள்ளையார்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் அதுவும் ஒன்று. வாங்குவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் தூணும் கதவும் வேண்டாம். பனையோலைக் கொட்டான் வாங்குங்கள். மறந்துபோக இருந்த இந்தக் கைவேலையை 2000க்குப் பிறகு விசாலாட்சி ராமசாமி அவர்களின் அறக்கட்டளை எடுத்து நடத்தி, கிராமத்துப் பெண்களுக்கு வருமானமாக்கியிருக்கிறது. கண்டாங்கிச் சேலையும் உண்டு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது.

அவ்வளவு தூரம் முடியாது, கைக்குழந்தை இருக்கிறது என்பவர்கள் முட்டுக்காட்டுக்குப் போய்வரலாம். அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம். அங்கே தட்சிணசித்ரா என்று ஒன்று 1996 டிசம்பரில் திறந்தார்கள். இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, ஓடு ஓடாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, கேரளத்துக் கிறிஸ்தவர் வீடு என்று தென் மாநிலத்து வீடுகள் பதினெட்டு. தங்குவதற்கும் அறைகள் உண்டு, ஆனால் அந்தப் பழைய வீடுகளுக்குள் இல்லை, தனியாக. குழந்தைகளுக்குத் திண்ணை என்றால் என்ன, ரேழி என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. மயிலாப்பூரில் நான் கல்யாணமாகி வந்த தெருவிலேயே அப்போது ஏழெட்டுத் திண்ணை இருந்தது. இப்போது எல்லாம் கார் நிறுத்தும் இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிராமத்து வீட்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஊரிலிருந்து வந்தவுடன் என் மாமியார் தாமே டெலிபோன் எடுத்து இரண்டு பெண்களையும் கூப்பிட்டுப் பேசினார். மாசி மாதம் ஓடு பிரித்துப் பார்க்கக் கொத்தனார் வருகிறார். ஐந்து பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய் இருப்பது யார் என்பதற்கு இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய நாத்தனார் அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். சம்பளம் என்ன என்று கேட்டிருக்கிறார்.